மலை வீட்டில் மழை அடைத்துக்கொண்டால்: ஐப்பசி பிறந்ததும் எல்லோரும் என்னைக் கேட்கும் கேள்விகள்

எனக்கு வேலை வேலூரில். அம்மா இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருந்து உள்ளே தள்ளி, பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் வருகிற முப்பது சொச்சம் வீட்டு ஊர். வருஷா வருஷம் டிவியில் சிவப்பு எச்சரிக்கை என்று ஓட ஆரம்பித்ததும் ஆபீஸில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில்கூட அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அங்கே பனி பெய்து வழி அடைபடுமா?

இல்லை. சினிமாவில் பார்க்கிற வெள்ளைப் பனி நம் மலையில் கிடையாது. மார்கழி, தையில் காலையில் எழுந்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும், கம்பளி இல்லாமல் வெளியே போக முடியாது, அவ்வளவுதான். தமிழில் புல்லில் நிற்கிற துளிக்கும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டுவதற்கும் பனி, இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வருகிற குழப்பம் இது. எங்களை அடைப்பது மழை. இன்னும் சரியாகச் சொன்னால், மழையில் உடைகிற ரோடு.

பனியில் மாட்டுவதும் மழையில் மாட்டுவதும் ஒன்றுதானே?

என்னோடு வேலை செய்கிற ஒருவரின் அப்பா கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று வேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர் லடாக் பக்கம் இருந்தவர். ஸ்ரீநகரில் இருந்து கார்கில் போகிற வழியில் இருக்கும் சோஜி லா கணவாய் 11,500 அடிக்கு மேலே, குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அதனால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் வழி மூடுவதற்கு முன்பே ஏற்றி வைத்துவிடுவார்களாம். கூரைமேல் பனி சேர்ந்தால் கனம் தாங்காமல் இறங்கிவிடும் என்று மண்வெட்டியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை அள்ளி உருக்க வேண்டும், புதுப்பனி என்றால் பெரிய குண்டான் நிறைய அள்ளினாலும் அடியில் ஒரு சொம்புதான் நிற்கும்.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை: "தம்பி, பனி நாள் சொல்லிட்டு வரும். நவம்பர்ல மூடும், வசந்தத்துல தொறக்கும், அதுக்கு ஏத்த மாதிரி மனசைத் தயார் பண்ணிக்கலாம். உங்க ஊரு மழை அப்படியா?" உண்மைதான். எங்களுக்கு இரண்டு நாளா, ஏழு நாளா என்று யாருக்கும் தெரியாது. பனிக்காரருக்குக் கூரை கவலை என்றால் எங்களுக்கு மண் சரிவு கவலை.

மழை பெய்தால் பெய்துவிட்டுப் போகட்டும், ரோடு ஏன் போகிறது?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். வானிலைத் துறை 7 முதல் 11 செ.மீ. வரை கன மழை, 12 முதல் 20 வரை மிகக் கன மழை, அதற்கு மேல் அதி கன மழை என்று பிரிக்கிறது. 20 செ.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் எட்டு லட்சம் லிட்டர் விழுகிறது, அதாவது 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி அறுபதுக்கு மேலே. இதைச் சரிவான நிலத்தில் கொட்டிப் பாருங்கள். மேல்மண் குடிக்கிற வரை குடிக்கும், அப்புறம் கனத்துப்போய், அடியில் இருக்கிற பாறைமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மரவேர் பிடித்திருக்கிற இடம் நிற்கும். ரோடு போடுவதற்காகச் செங்குத்தாக வெட்டின இடம் நிற்காது.

இன்னொன்று, ரோடு பெரும்பாலும் மேலே இருந்து விழுகிற மண்ணால் கெடுவதைவிட, அடியில் இருந்துதான் அதிகம் கெடுகிறது. மலைப்பக்கம் ஓடுகிற வாய்க்காலில் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும், சிறுபாலத்துக் குழாய்க்குள் ஒரு மரக்கிளை சிக்கும், தண்ணீருக்குப் போக இடமில்லாமல் ரோட்டின் குறுக்கே பாய்ந்து பள்ளத்துப் பக்கத்து விளிம்பை அரிக்கும். மேலே தார் அப்படியே முழுசாக இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. ஒரு வருஷம் எங்கள் ஊருக்குப் போகிற வழியில் புதிதாகக் கட்டின தடுப்புச் சுவர் முதல் மழையிலேயே படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டையே விடவில்லை. கான்ட்ராக்ட் எடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கட்டுகிற கல் கட்டுக்குக்கூடக் கண் விடுவார்கள். புரண்டு கிடந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், "ரோடு புட்டுக்கினு கீது, செவுரு மட்டும் இன்னாத்துக்கு நிக்கணும்?" என்றார்.

எத்தனை நாள் அடைபடும்?

வழக்கமாக ஒன்று, இரண்டு நாள். பெரிசாகப் பெய்தால் நாலைந்து. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அப்புறம் உள்ளே வந்து நகராமல் நின்றதே, அப்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு மூடி ஏழு பேர் இறந்தார்கள். அந்த முறை எங்கள் ஊருக்கு ஐந்து நாள் பஸ் இல்லை, மூன்று நாள் கரண்டும் போனும் இல்லை. போளூர் வழி, ஆலங்காயம் வழி, அமிர்தி வழி என்று ஜமுனாமரத்தூருக்கு மூன்று பக்கமும் ரோடு இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். உள்ளே இருக்கிற சின்ன ஊர்களுக்குத்தான் ஒரே வழி.

அந்த ஐந்து நாளும் என்ன சாப்பிட்டார்கள், பாவம்?

இந்த "பாவம்" எனக்குப் பிடிக்காது. ஐந்து நாள் கடை மூடினால் வேலூரில் இருக்கிற என் வீட்டில்தான் சோறு இருக்காது.

அம்மா வீட்டுப் பரணில் எப்போதும் ஒரு வருஷத்துச் சாமை இருக்கும், உமியோடு. இது முக்கியம். உமி நீக்கின சாமை அரிசி கொஞ்ச நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும், பூச்சி விழும். உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. வேண்டும்போது வேண்டிய அளவு குத்திக்கொள்வது. கேழ்வரகு அதைவிட உத்தமம், பூச்சி கிட்டேயே வராது. கொள்ளு, மொச்சை, புளி, காய்ந்த மிளகாய், உப்பு, தேன் எல்லாம் மலையிலேயே கிடைப்பதோ சந்தையில் முன்கூட்டி வாங்கி வைத்ததோ. உப்பைச் சிமெண்ட் தரையில் வைத்தால் கசிந்துவிடும் என்று மண் பானையில் போட்டு அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருப்பார். தீப்பெட்டி கண்ணாடி பாட்டிலுக்குள், பாட்டில் அரிசிப் பானைக்குள். நான் சின்ன வயசில் அந்தப் பாட்டிலை எடுத்து விளையாடி மூடியைத் தொலைத்துவிட்டு வாங்கின அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

அடைமழையில் எங்கள் வீட்டுச் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல். களி கிண்டிக் கையில் தண்ணீர் தொட்டு உருட்டி வைக்கும்போது எழும்புகிற ஆவியில் கண்ணாடி போட்டிருக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா சிரிப்பார்.

தீர்ந்துபோவது காய்கறி, பால் பவுடர், டீத்தூள், வெற்றிலை. வெற்றிலை தீர்ந்தால் மட்டும் ஊரில் கொஞ்சம் சண்டை வரும்.

விறகு நனைந்துவிடாதா?

நனையும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாத விறகை வெட்டித் தாழ்வாரத்தில் அடுக்கிவிட வேண்டும், தரையில் படாமல் கீழே நாலு கல் வைத்து. அன்றன்றைக்குத் தேவையானதை முதல் நாளே அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் சூட்டில் காய்ந்திருக்கும்.

அடுக்கில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு குச்சியால் இரண்டு தட்டு தட்டுங்கள். வளைக்குள் தண்ணீர் போனால் பாம்புக்கும் காய்ந்த இடம் வேண்டும், உங்கள் விறகுக் கட்டைவிட வசதியான இடம் அதற்குக் கிடையாது.

குளிருக்குக் கரி மூட்டி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதில் பேச்சே இல்லை. கதவு ஜன்னல் மூடின அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமல்கூட வராது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மலை ஊர்களுக்குச் சுற்றுலா போன இடத்தில் அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது. எங்கள் பழைய வீட்டில் அடுப்பு உள்ளேயேதான் இருந்தது, ஆனால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது, புகை போய்க்கொண்டே இருக்கும். இப்போது கட்டுகிற கான்கிரீட் வீட்டில் அந்த இடைவெளி எங்கே? ஜெனரேட்டரும் அப்படித்தான், வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

குடிக்கத் தண்ணீர்?

சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை என்று ஆகிவிடும். ஊற்றுத் தண்ணீர் கலங்கி டீ மாதிரி வரும். கூரைத் தண்ணீரில் முதல் அரைமணி நேரத்தை விட்டுவிட்டு, அப்புறம் வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கட்டிக் குடத்தில் பிடிப்போம். கலங்கல் என்றால் குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்து விடுவது, ஒரு ராத்திரியில் தெளிந்துவிடும். தெளிந்தது என்பதற்காக அப்படியே குடிக்காதீர்கள். கொட்டை மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. தளதளவென்று கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

போன் இல்லாமல் எப்படித் தகவல் தெரிந்துகொள்கிறீர்கள்?

கரண்டு போனால் கொஞ்ச நேரம் டவர் வேலை செய்யும், பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் அதுவும் போய்விடும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், அதனால் விமான மோடில் போட்டு வைத்துவிட்டு நேரம் குறித்து நாளைக்கு இரண்டு தடவை மட்டும் திறப்பது நல்லது. அம்மாவும் நானும் காலை ஏழு, சாயங்காலம் ஆறு என்று பேசி வைத்திருக்கிறோம். அந்த நேரத்துக்குத் தம்பி போனை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறுவான். அங்கே மட்டும் ஒரு கோடு வரும்.

ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழங்காலத்துச் சாமான் என்று சிரிக்காமல். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. இதைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், செத்துப்போன போனுக்குள் இருந்து என்ன பயன்?

உடம்புக்கு வந்தால்?

இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் பரணில் ஏற்றி வைத்துவிடலாம், ஆஸ்பத்திரியை ஏற்றி வைக்க முடியாது.

பிரசவ நாள் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற பெண்ணை முன்பே இறக்கிவிட வேண்டும். மலைப் பகுதியில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்குவதற்கென்று அறை இருக்கிறது, செவிலியரைக் கேட்டால் சொல்வார்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கி வைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால், கரண்டு இல்லாதபோது ஒரு பெரிய மண் பானையில் மணலைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, அதற்குள் சின்ன சட்டியை இறக்கி, அதில் மருந்தை ஈரம் படாமல் கட்டி வையுங்கள். மழைக்காலக் குளிருக்கு அது போதும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், வேர் தேடிப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல் கட்டை வைத்துக் கட்டி, அவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கட்டுவிரியனை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ராத்திரி தரையில் படுத்திருக்கும்போது கடிக்கும், வலியே இருக்காது, காயம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். பித்தம் என்று கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் போய்விடுவார். மழைக்காலத்தில் கட்டிலில் கொசுவலையைப் பாயடியில் செருகிப் படுப்பது கொசுவுக்காக மட்டும் இல்லை.

தூக்கிக்கொண்டு போவது என்றால் டோலிதான். கெட்டிப் போர்வையின் இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், மாற்றுக்கு நாலு பேர். ஈரப் பாதையில் பின்னால் வருகிறவருக்குத்தான் கஷ்டம், கால் வைக்கிற இடம் அவருக்குத் தெரியாது. அதனால் டார்ச்சோடு ஒருவர் பக்கத்தில் நடந்து, "பள்ளம்", "கல்லு", "வேரு" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் அந்த டார்ச் பிடித்திருக்கிறேன். பதினாறு வயசு, எங்கள் சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோடு வந்து சேர மூன்று மணி நேரம். அவர் பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை: 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலை அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்துபோனது. திரும்பி வரும்போது ரோடு இல்லாத தூரத்தைத் தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டே நடந்தார். அது மழைக்காலம்கூட இல்லை.

மலை சரியப்போகிறது என்று முன்கூட்டித் தெரியுமா?

சில நேரம் தெரியும். தெளிவாக ஓடின ஊற்று திடீரென்று செம்மண்ணாக வந்தால், அல்லது மழை கொட்டும்போதே ஓடைத் தண்ணீர் குறைந்தால் (மேலே எங்கோ அடைத்திருக்கிறது, உடைத்துக்கொண்டு வரப்போகிறது என்று அர்த்தம்), சரிவில் புது வெடிப்பு தெரிந்தால், நேராக நின்ற மரம் சாய்ந்தால், திறந்து மூடின கதவு நிலையில் மாட்டிக்கொண்டால், சாமான் எடுக்க உள்ளே போகாமல் வெளியேறிவிடுங்கள். கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓடுங்கள். ஆடு மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடுங்கள், அவை தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

ஏலகிரியில் ரூம் போட்டாச்சு, சிவப்பு எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள், போகலாமா?

வேண்டாம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, பணம் போனால் போகட்டும்.

தரைப்பாலத்தில் கொஞ்சம்தான் தண்ணீர், பைக்கில் தாண்டிவிடலாமே?

நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும், இரண்டடி இருந்தால் காரே மிதக்கும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா என்பதே சந்தேகம். காத்திருங்கள். மலைக் காட்டாறு ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும்.

பொழுது எப்படிப் போகும்?

தூக்கம், கதை, பல்லாங்குழி, கூரை ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் மாற்றுவது. காவலூரில், எங்கள் மலையிலேயே, 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது, 1986-ல் திறந்தது. வானம் தெளிவாக இருக்கும் என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கார்த்திகையில் அவர்களும் எங்களைப் போலத்தான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவைக் கீழே கூட்டி வந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

கூட்டி வந்தேன். 2021 நவம்பரில், மழை ஏறுவதற்கு முன்பே. அந்த வருஷம் பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது ஞாபகம் இருக்கும். ஏரிகள் நிறைந்து வேலூரில் எங்கள் வாடகை வீடு இருந்த தெருவுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. சாக்கடையோடு கலந்த தண்ணீர், கேஸ் சிலிண்டர் மிதக்கிறது, நானும் மனைவியும் புத்தகங்களை அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அம்மா கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்பா, இங்க மட்டும் இன்னா வாழுது? அங்க தண்ணியாவது நல்லா இருக்கும்" என்றார்.

நாலாம் நாள் பஸ் விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டார். பை நிறைய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டார், மலையில் அந்த ருசி கிடைக்காது என்று. அப்புறம் ஒரு கட்டு வெற்றிலை, ஊருக்கே சேர்த்து.